மொக்லோஸ், ப்சீரா: கிரீட் கரையோரச் சிறு தீவுகளில் மினோவன் கல்லறைகளைப் பார்ப்பது எப்படி

கிரேக்க நாட்டின் கிரீட் தீவில், வடகிழக்குக் கரையை ஒட்டி மொக்லோஸ், ப்சீரா என்னும் இரண்டு சிறு தீவுகள் இருக்கின்றன. இரண்டிலும் இன்று எவரும் குடியிருக்கவில்லை. கி.மு. மூன்றாம் ஆயிரமாண்டிலோ, கிரீட்டின் வெண்கலக் கால மக்களான மினோவன்கள் இங்கே வாழ்ந்தார்கள், கடலோடினார்கள், தங்கள் இறந்தோரை இந்தப் பாறைச் சரிவுகளிலேயே அடக்கம் செய்தார்கள். கிரீட்டுக்கு வருவோரில் பெரும்பாலோர் க்னோசோஸ் அரண்மனையோடு திரும்பிவிடுகிறார்கள். அந்த அரண்மனை எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு இந்தச் சமூகம் எவ்வாறு ஒன்றுகூடியது, அதில் யார் உயர்ந்து நின்றார்கள், எவற்றை அரிய பொருள்களாக மதித்தார்கள் என்பதையெல்லாம் அறிய வேண்டுமானால் கல்லறைகளுக்குத்தான் செல்ல வேண்டும். அந்தப் பயணத்தைத் திட்டமிடுவோருக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கல்லறைகள் வெறுமையானவை. கூரை இல்லை, எலும்பு இல்லை, படையற்பொருள் இல்லை. இடுப்பளவோ ஆளுயரமோ நிற்கும் கற்சுவர்களும், குறுகிய வாயில்களும், தளம் பாவிய சிறு முற்றங்களுமே எஞ்சியிருக்கின்றன. ஆயத்தம் இல்லாமல் போகிறவர் கற்குவியல்களுக்கு இடையே சிறிது நேரம் நடந்துவிட்டு ஏமாற்றத்தோடு படகேறுவார். சுவரையும் வாயிலையும் முற்றத்தையும் படிக்கக் கற்றுக்கொண்டு போகிறவருக்கு ஒரே ஒரு கல்லறை போதும். ஆகவே எத்தனை இடங்களைப் பார்ப்பது என்ற கணக்கை விட்டுவிட்டு, ஒரு கல்லறையை எப்படிப் பார்ப்பது என்பதில் கவனம் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

காலக்கணக்கு

மினோவன் காலத்தை நான்கு பகுதிகளாக நினைவில் வைத்துக்கொண்டால் வழியில் தடுமாற்றம் வராது. அரண்மனைகளுக்கு முந்தைய காலம் ஏறத்தாழ கி.மு. 3100 முதல் 1900 வரை. முதல் அரண்மனைகளின் காலம் 1900 முதல் 1700 வரை. புதிய அரண்மனைகளின் காலம் 1700 முதல் 1450 வரை. அதன் பின்னர் வந்தது, கிரேக்கத் தலைநிலத்து மைசீனியச் செல்வாக்கு மேலோங்கிய இறுதிக் காலம். மொக்லோஸ், ப்சீரா தீவுகளின் புகழ்பெற்ற கல்லறைகள் பெரும்பாலும் முதற்பகுதியைச் சேர்ந்தவை. இரண்டு தீவுகளிலும் கண்ணுக்குத் தெரியும் வீடுகளின் இடிபாடுகள் பெரும்பாலும் மூன்றாம் பகுதியைச் சேர்ந்தவை. கல்லறைக்கும் அதன் அருகே தெரியும் வீட்டுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகள் வரை இடைவெளி இருக்கக்கூடும் என்பதை மறந்தால், எல்லாவற்றையும் ஒரே தலைமுறையின் ஊராகக் கற்பனை செய்துகொள்வோம். பலர் இடறுவது இந்த இடத்தில்தான்.

முதலில் ஹெராக்ளியோன் அருங்காட்சியகம்

தீவுக்குச் சென்று வந்த பிறகு அருங்காட்சியகத்தைப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கல்லறைக்குள் இருந்தவை அனைத்தும் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்ட நிலையில், அவற்றை மனத்தில் ஏந்திக்கொண்டு போனால்தான் அந்த வெற்று அறைகளை நிரப்பிப் பார்க்க முடியும். ஆகவே பயணத்தின் முதல் நாளில் ஹெராக்ளியோன் தொல்லியல் அருங்காட்சியகத்தில் அரைநாளாவது செலவிட வேண்டும்.

அங்கே மொக்லோஸ் பொருள்களைத் தேடிப் பாருங்கள். அமெரிக்கத் தொல்லியலாளர் ரிச்சர்ட் சீகர் 1908இல் அந்தத் தீவின் கல்லறைகளை அகழ்ந்தபோது கிடைத்தவை இவை. மெல்லிய தங்கத் தகட்டில் புள்ளிகளைக் குத்தி இரண்டு கண்களை வரைந்த தலைப்பட்டம், மலர்வடிவத் தலையுடைய தங்க ஊசிகள், இலை வடிவில் வெட்டிய தொங்கல்கள் ஆகியவற்றின் முன் சற்று நேரம் நில்லுங்கள். இந்தத் தங்கம் தாள் போல மெல்லியது. அன்றாடம் அணிந்து புழங்குவதற்கு ஏற்றதாகத் தோன்றாத இவற்றுள் சிலவாவது அடக்கத்துக்கென்றே செய்யப்பட்டிருக்கலாம் என்ற எண்ணம் அவற்றை நேரில் பார்க்கும்போது வலுப்படும். அடுத்து கற்கலங்களைப் பாருங்கள். வண்ண வரிகள் ஓடும் கற்களைத் தேர்ந்தெடுத்து, அந்த வரிகள் கலத்தின் வளைவோடு இசையுமாறு குடைந்திருக்கிறார்கள். படுத்திருக்கும் நாயைக் கைப்பிடியாகக் கொண்ட கல்மூடியும், மார்பகங்கள் வழியே நீர் வடியுமாறு பெண் வடிவில் செய்த மண்கலமும் மொக்லோஸிலிருந்து வந்தவைதாம்.

அதே கல்லறைகளிலிருந்து கிடைத்த இன்னொரு பொருளை நீங்கள் பார்க்க இயலாது. படகில் ஒரு பெண் அமர்ந்து செல்லும் காட்சி பொறித்த தங்க முத்திரை மோதிரம் ஒன்றைச் சீகர் கண்டெடுத்தார். பின்னர் அது அருங்காட்சியகத்திலிருந்து களவு போயிற்று. இன்று அதன் வரைபடங்களும் நகல்களுமே நமக்கு எஞ்சியிருக்கின்றன. மினோவன் கலையைப் பற்றிப் பேசும் எவரும் அந்த மோதிரத்தைக் குறிப்பிடாமல் கடந்து போவது அரிது. அதன் இழப்பு எனக்கு ஆறாத வருத்தம்.

அந்தப் படகை நினைவில் வைத்துக்கொண்டு ஹாகியா திரியாதா ஈமப்பேழையின் முன் வாருங்கள். 1903இல் கண்டெடுக்கப்பட்ட இந்தச் சுண்ணாம்புக்கல் பேழை கி.மு. பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் நான்கு பக்கங்களிலும் சுதை பூசி வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கத்தில் பலியிடப்பட்ட காளையும் குழலூதுபவனும் இருக்கிறார்கள். மறுபக்கத்தில் பெண்கள் இரட்டைக் கோடரிகளுக்கு இடையே வைத்த கலத்தில் நீர்மத்தை வார்க்கிறார்கள். மூன்று ஆண்கள் கன்றுகளையும் ஒரு படகின் உருவத்தையும் ஏந்தி, ஒரு சிறு கட்டடத்தின் முன் கைகள் வெளித்தெரியாமல் ஆடை போர்த்து நிற்கும் உருவத்தை நோக்கி நடக்கிறார்கள். அந்த உருவம் இறந்தவர் என்றும், பின்னாலுள்ள கட்டடம் அவருடைய கல்லறை என்றும் ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். கல்லறைக்கு முன்னே முற்றத்தில் நின்று உயிருள்ளோர் இறந்தோருக்கு என்ன செய்தார்கள் என்பதற்கு மினோவன் உலகம் விட்டுச்சென்ற மிகத் தெளிவான ஓவியம் இது. மொக்லோஸ் கல்லறைகளுக்குப் பல நூற்றாண்டுகள் பிந்தியது என்றாலும், அங்குள்ள முற்றங்களில் நிற்கும்போது இந்தக் காட்சி பெரிதும் உதவும்.

நேரம் மிஞ்சினால் கமிலாரி கல்லறையில் கிடைத்த மண்ணுருவங்களையும் பார்த்துவிடுங்கள். ஒன்றில் நால்வர் வட்டமாகக் கைகோத்து ஆடுகிறார்கள். மற்றொன்றில் அமர்ந்திருக்கும் உருவங்களுக்குச் சிறியோர் உணவு படைக்கிறார்கள்.

மொக்லோஸ் செல்லும் வழி

ஹெராக்ளியோனிலிருந்து அயியோஸ் நிகோலாவோஸ் வழியாகச் சிட்டியா நகருக்குச் செல்லும் சாலையில், ஸ்ஃபாகா என்ற ஊருக்கு அருகே ஒரு கிளைச்சாலை வளைந்து வளைந்து கடலை நோக்கி இறங்கி, தீவின் பெயரையே கொண்ட கரையோர மொக்லோஸ் கிராமத்தை அடைகிறது. அயியோஸ் நிகோலாவோஸிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவு. வாடகைக் கார் எடுத்துக்கொள்வதே எளிது. கேடெல் நிறுவனத்தின் சிட்டியா பேருந்தில் வந்து ஸ்ஃபாகாவில் இறங்குபவர், கிராமம் வரையிலான இறக்கத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். வெயிலில் நடந்து இறங்கினாலும் திரும்பி ஏறுவது கடினம். வழியில் கூர்னியா நகரத்தின் இடிபாடுகள் சாலையோரமாகவே வருகின்றன. ஹாரியட் பாய்ட் ஹாவ்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1901 முதல் 1904 வரை அகழ்ந்து வெளிக்கொணர்ந்த ஊர் அது. ஒரு மினோவன் வீட்டின் அறையமைப்பை அங்கே பார்த்துக்கொண்டால், வீடு போலவே கட்டிய மொக்லோஸ் கல்லறைகள் உடனே பிடிபடும்.

கிராமத்துத் துறையிலிருந்து தீவு கண்ணெதிரே தெரியும். இடையே உள்ள நீர்ப்பரப்பு சுமார் 150 மீட்டர்தான். வெண்கலக் காலத்தில் கடல்மட்டம் இன்றைவிடத் தாழ்வாக இருந்தபடியால், தீவு ஒரு குறுகிய நிலப்பாலத்தால் கரையோடு இணைந்திருந்தது. அந்த நிலப்பாலத்தின் இரு பக்கமும் கப்பல்களுக்குத் தக்க ஒதுக்கிடம் அமைந்ததால், எந்தத் திசையில் காற்றடித்தாலும் ஏதேனும் ஒரு பக்கம் அமைதியான துறை கிடைத்தது. மொக்லோஸ் செழித்ததற்கு இதை முக்கியமான காரணமாகச் சொல்வேன். கரையோரத்தில் பாறையில் வெட்டிய உரோமர் கால மீன்தொட்டிகள் இன்று நீரில் மூழ்கிக் கிடப்பதைப் பார்த்தால், கடல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது விளங்கும்.

கிராமத்துப் படகுக்காரர்களிடம் கேட்டால் தீவுக்கு ஏற்றிச் செல்வார்கள். கட்டணத்தை யூரோ ரொக்கமாகக் கையில் வைத்திருங்கள். திரும்ப அழைத்துவர எப்போது வருவார் என்பதை ஏறும் முன்பே பேசி முடித்து, அவருடைய கைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். சிலர் நீந்தியே கடப்பதுண்டு. காலணி, தண்ணீர், தளவரைபடம் ஆகியவை இல்லாமல் அக்கரை சேர்ந்து பயனில்லை என்பதால் அதை நான் பரிந்துரைக்கவில்லை.

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் தொடக்கம் ஆகியவை ஏற்ற மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்டெமி என்னும் காற்று நாள்கணக்கில் வீசும். இந்தக் கரை வடக்கு நோக்கியிருப்பதால் அப்போது படகு கிடைப்பது நிச்சயமில்லை. வெயிலும் கொடுமையாக இருக்கும். குளிர்காலத்தில் கிராமமே ஓய்ந்துவிடும்.

தீவில் நிழல் இல்லை, குடிநீர் இல்லை, கடை இல்லை. ஒருவருக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும். முட்புதர்கள் அடர்ந்த சரிவு என்பதால் கணுக்காலை மூடும் காலணியும் முழுக்கால் சட்டையும் அணியுங்கள். ஆபத்து நேர்ந்தால் அழைக்க வேண்டிய பொது எண் 112, கடலோரக் காவற்படையின் எண் 108.

கல்லறையைப் படிக்கும் முறை

படகு இறக்கிவிடும் தென்கரையில் முதலில் தென்படுவது மினோவன் ஊர். அதன் வீடுகளுக்கு அடியில், இன்று சந்தோரினி எனப்படும் தெரா தீவின் எரிமலை வெடிப்பின் சாம்பல் கிடைத்தது. 1989 முதல் இங்கே அகழ்ந்த கிரேக்கத் தொல்லியலாளர் கோஸ்டிஸ் டவாராஸ், அமெரிக்கரான ஜெஃப்ரி சோல்ஸ் ஆகிய இருவரின் குழு கண்ட உண்மை இது. வெடிப்புக்குப் பின்னரும் மக்கள் இங்கே வீடு கட்டி வாழ்ந்தார்கள் என்பதும், மினோவன் நாகரிகம் எரிமலையால் ஒரே நாளில் அழிந்தது என்ற பழைய கருத்து நிற்காது என்பதும் இத்தகைய சான்றுகளால்தான் உறுதிப்பட்டன. ஊரைச் சுற்றிப் பார்த்த பிறகு, தீவின் மேற்குப் பக்கத்துக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையைப் பிடியுங்கள். பாதை குறுகியது, ஒரு பக்கம் கடலை நோக்கிச் சரிகிறது. குழந்தைகளையும் முதியோரையும் அழைத்துச் செல்வோர் நிதானமாக நடக்க வேண்டும்.

மேற்குச் சரிவின் பாறைத்திட்டில் இரண்டு பெரிய கல்லறைகள் நிற்கின்றன. தளவரைபடங்களில் ஒன்று I/II/III என்றும் மற்றொன்று IV/V/VI என்றும் குறிக்கப்பட்டிருக்கும். சீகர் தனித்தனிக் கல்லறைகள் என்று எண்ணி எண் கொடுத்த அறைகள் உண்மையில் ஒரே கட்டடத்தின் பகுதிகள் என்பது பிற்கால ஆய்வில் தெரியவந்ததால் இந்த மூவெண் வழக்கம் ஏற்பட்டது. காலையில் இந்தச் சரிவு நிழலில் இருக்கும், அப்போது நிதானமாகப் பார்க்கலாம். பிற்பகலில் வெயில் நேராக விழும். கற்களின் நிறத்தைப் புகைப்படமெடுக்க விரும்புவோருக்கு அந்த வேளை ஏற்றது.

முதலில் பின்சுவரைத் தேடுங்கள். அது இருக்காது, ஏனெனில் கட்டியவர்கள் செங்குத்தான பாறை முகத்தையே பின்சுவராகக் கொண்டார்கள். மற்றச் சுவர்களை அந்தப் பாறையோடு இணைத்து எழுப்பி, மேலே நாணலும் களிமண்ணும் கொண்டு தட்டையான கூரை வேய்ந்தார்கள். உயிருள்ளோர் வாழ்ந்த வீட்டின் அமைப்பே இது, அதனால்தான் ஆய்வாளர்கள் இவ்வகையை வீட்டுக் கல்லறை என்று அழைக்கிறார்கள். கிரீட்டின் தெற்கே மெசாரா சமவெளியில் இதே காலத்தில் தோலோஸ் என்னும் வட்டக் கல்லறைகளைக் கட்டினார்கள். கிழக்குக் கிரீட்டில் மேலோங்கியது செவ்வக வடிவம்.

அடுத்து சுவரின் கற்களைக் கவனியுங்கள். பெரிய பலகைக் கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, இடையே சிறு கற்களை அடுக்கியிருக்கிறார்கள். பச்சை, ஊதா, சாம்பல் எனக் கற்களின் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். அருங்காட்சியகத்தில் பார்த்த கற்கலங்களில் வரியோடும் கல்லைத் தேர்ந்தெடுத்த கண்ணும் இந்தச் சுவரைத் தேர்ந்தெடுத்த கண்ணும் ஒரே ஊரில் வளர்ந்தவை என்று இங்கே நிற்கும்போது தோன்றும்.

பிறகு சுவர்கள் ஒன்றையொன்று சந்திக்கும் மூலைகளுக்கு வாருங்கள். இரண்டு சுவர்களின் கற்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்து நின்றால் அவை ஒரே சமயத்தில் எழுந்தவை. ஒரு சுவர் மற்றொன்றின் மேல் வெறுமனே சாய்ந்து, இடையில் நேரான பிளவுக்கோடு தெரிந்தால் சாய்ந்திருப்பது பிந்தியது. இந்த ஒரு விதியைக் கொண்டே எந்த அறை முதலில் கட்டப்பட்டது, எது பின்னர் சேர்க்கப்பட்டது என்று நீங்களே ஊகிக்கலாம். கையிலுள்ள தளவரைபடத்தில் உங்கள் ஊகத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, பின்னர் அகழாய்வாளர்களின் முடிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எத்தனை விளக்கப் பலகைகளைப் படித்தாலும் கிடைக்காத தெளிவு இந்தப் பயிற்சியில் கிடைக்கும்.

வாயிலுக்கு வருவோம். அது குறுகியது. பெரிய கற்பலகையை நிறுத்தி அடைப்பதும், அடுத்த சாவின்போது அகற்றித் திறப்பதும் வழக்கமாக இருந்தன. மினோவன் அடக்கமுறையின் உயிர்நாடி இந்த வாயிலில்தான் இருக்கிறது. ஒருவருக்கு ஒரு கல்லறை என்ற முறை அன்று இங்கே இல்லை. ஒரு குடும்பமோ பல குடும்பங்கள் சேர்ந்த குலமோ ஒரே கல்லறையைத் தலைமுறை தலைமுறையாக, சில இடங்களில் பல நூறு ஆண்டுகள், திறந்து திறந்து பயன்படுத்தியது. புதிய உடலைத் தரையில் கிடத்துவதற்கு முன் பழைய எலும்புகளை ஒருபுறம் ஒதுக்கினார்கள். மண்டையோடுகளைத் தனியே எடுத்து அடுக்குவதும், சில கல்லறைகளில் உள்ளே தீ மூட்டிப் புகையிடுவதும், நெருக்கடி மிகும்போது எலும்புகளை வெளியேற்றி வேறிடத்தில் குவிப்பதும் நடந்தன. உடல் உடலாக இருக்கும்வரை அவர் ஒரு தனி மனிதர். சதை நீங்கிய பின் அவர் முன்னோர் கூட்டத்தில் கலந்துவிடுகிறார். இந்த மாற்றத்தை நிகழ்த்தும் இடமாகக் கல்லறை இருந்தது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இதனால் ஒரு சிக்கலும் உண்டு. உள்ளே கிடைத்த கிண்ணமோ கத்தியோ யாருடைய உடலோடு வைத்தது என்று பெரும்பாலும் சொல்ல முடிவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகழ்ந்தவர்கள் பொருள்களைப் பேணிய அளவுக்கு எலும்புகளைப் பேணவில்லை. ஆண் எத்தனை, பெண் எத்தனை, குழந்தை எத்தனை என்ற எளிய கேள்விகளுக்குக்கூட விடை கிடைக்காமல் போன கல்லறைகள் கிரீட்டில் நிறைய இருக்கின்றன.

கல்லறைக்கு வெளியேயும் பார்க்க வேண்டும். மேற்குத் திட்டில் தளம் பாவிய சிறு முற்றமும், படையலுக்கு உரியதாகக் கருதப்படும் மேடையும் இருக்கின்றன. முற்றத்தின் நடுவில் நின்று எத்தனை பேர் அங்கே நெருக்கமில்லாமல் நிற்கக்கூடும் என்று கணித்துப் பாருங்கள். ஊர் முழுவதும் கூடும் அளவுக்கு இடமில்லை. இந்த வாயிலுக்கு முன் நிற்கும் உரிமை சிலருக்கே இருந்தது என்பதை அந்த அளவே உணர்த்துகிறது. அதன் பிறகு தெற்குச் சரிவுக்குத் திரும்பி, பாறை இடுக்குகளை ஒட்டிக் கட்டிய சிறிய, எளிய கல்லறைகளைத் தேடிப் பாருங்கள். தங்கத்தின் பெரும்பகுதி மேற்குத் திட்டில் கிடைத்தது. அரசனும் அரண்மனையும் தோன்றுவதற்கு முன்பே உயர்வு தாழ்வு வேரூன்றிவிட்டது என்று சோல்ஸ் வாதிடுவதற்கு இந்த இரு சரிவுகளின் வேறுபாடே அடிப்படை.

சில கல்லறைகளில் பிற்காலத்தவர் பெரிய தாழிகளைக் கவிழ்த்து உடல்களை வைத்ததையும் சீகர் கண்டார். அரண்மனைகள் தோன்றிய காலத்தை ஒட்டித் தாழி அடக்கம் கிழக்குக் கிரீட்டில் பரவியது. பக்கத்திலுள்ள பாக்கியா அம்மோஸ் கடற்கரையில் புயலொன்று மணலை அரித்ததால் வெளிப்பட்ட ஈமக்காட்டில் 1914இல் அவர் இருநூறுக்கும் மேற்பட்ட தாழிகளை அகழ்ந்தார். கூட்டுக் கல்லறையில் முன்னோரோடு கலப்பதைவிட, ஒருவருக்கு ஒரு தாழி என்ற எண்ணம் மெல்ல மெல்ல இடம்பிடித்ததன் அடையாளம் அது.

ப்சீரா

ப்சீராவுக்குச் செல்வது மொக்லோஸைவிடக் கடினம். ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் நீளமுள்ள இந்த வறண்ட தீவு கரையிலிருந்து விலகித் திறந்த கடலில் இருக்கிறது. மொக்லோஸ் கிராமத்திலிருந்தோ கவூசி ஊருக்குக் கீழேயுள்ள கடற்கரையிலிருந்தோ தனிப்படகு அமர்த்த வேண்டியிருக்கும். காற்று எழுவதற்கு முன், விடியற்காலையில் கிளம்புங்கள். படகுக்காரர் கடல் சரியில்லை என்றால் வாதாடாமல் மறுநாளுக்குத் தள்ளிவையுங்கள்.

1906, 1907 ஆண்டுகளில் சீகரும், 1985 முதல் பிலிப் பெட்டன்கோர்ட்டும் டவாராஸும் இங்கே அகழ்ந்தார்கள். துறையிலிருந்து படிகள் ஏறினால் சுமார் அறுபது கட்டடங்கள் கொண்ட ஊர் வரும். ஈமக்காடு ஊரைவிட்டு விலகிய சரிவில் இருக்கிறது. மொக்லோஸில் கண்ட பெருமிதமான கட்டடங்களை இங்கே எதிர்பார்க்காதீர்கள். ப்சீராவின் சிறப்பு வகைகளின் நெருக்கம். பாறை ஒதுங்கிடத்தை அப்படியே பயன்படுத்திய அடக்கம், பலகைக் கற்களைப் பெட்டி போல நிறுத்திய கற்பதுக்கை, சிறிய வீட்டுக் கல்லறை, தாழி ஆகிய அனைத்தும் ஒரே சரிவில் அருகருகே கிடக்கின்றன. புதிய கற்காலத்தின் இறுதியில் தொடங்கி முதல் அரண்மனைகளின் காலம் வரை இந்தச் சரிவு புழக்கத்தில் இருந்தது. கற்பதுக்கைகள் ஏஜியன் கடலின் நடுவிலுள்ள சிக்லேட்ஸ் தீவுகளின் வழக்கத்தை நினைவூட்டுகின்றன. கத்திகளுக்கான எரிமலைக் கண்ணாடிக்கல் அந்தத் தீவுக்கூட்டத்திலுள்ள மெலோஸிலிருந்துதான் கிரீட்டுக்கு வந்தது. கல்லோடு வழக்கங்களும் படகேறின.

ஈமக்காட்டைப் பார்த்த பிறகு, மினோவன் மக்கள் ஓடைகளின் குறுக்கே கட்டிய அணைகளையும் வயல்களுக்கான படிக்கட்டுச் சுவர்களையும் தேடிப் பாருங்கள். மழைநீரை இப்படித் தேக்கி, மண்ணுக்கு எருவிட்டுப் பயிரிட்டுத்தான் இந்தப் பாறையில் அவர்கள் தலைமுறைகளாக நிலைத்திருந்தார்கள். அந்த உழைப்பைப் பார்த்தால், இறந்தோரை வேறெங்கும் கொண்டுசெல்லாமல் இங்கேயே வைத்துக்கொள்ள அவர்கள் ஏன் விரும்பினார்கள் என்பது புரியும்.

செய்யக்கூடாதவை

கிரேக்க நாட்டின் தொல்பொருள்கள் அனைத்தையும் காப்பதற்கான 3028/2002 எண் சட்டம், 2021இல் 4858 எண் சட்டமாகத் தொகுக்கப்பட்டது. காலடியில் கிடக்கும் பானை ஓட்டுத் துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வதும் இதன்படி குற்றமே. எடுத்துப் பார்த்துவிட்டு வேறிடத்தில் வைப்பதும் தீங்கு, ஏனெனில் ஓட்டின் இடம் மாறினால் அது சொல்லக்கூடிய செய்தி போய்விடுகிறது. உலோகம் தேடும் கருவியைக் கொண்டுவரக் கூடாது. ட்ரோன் பறக்கவிடவும் வணிக நோக்கில் படமெடுக்கவும் பண்பாட்டு அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். சுவர்மேல் ஏறி நிற்காதீர்கள். நாலாயிரம் ஆண்டுகளாக நின்ற அடுக்கு, ஒருவர் கால் வைத்ததால் சரிந்துவிடக்கூடும். கோடையில் அகழாய்வுக் குழு வேலை செய்துகொண்டிருந்தால் கயிறு கட்டிய எல்லைக்கு வெளியே நில்லுங்கள். அவர்கள் ஓய்வாக இருக்கும்போது பணிவோடு கேட்டால் சில சொற்களாவது விளக்குவார்கள்.

இன்னொன்று. இவை மனிதர்கள் அடக்கம் செய்யப்பட்ட இடங்கள். எலும்புகள் அகற்றப்பட்டுவிட்டன என்பதால் அந்த உண்மை மாறிவிடாது. அறைகளுக்குள் அமர்ந்து உண்பதையும், உரக்கப் பாட்டு வைப்பதையும் தவிர்க்குமாறு வேண்டுகிறேன்.

மேலும் நாள்கள் இருந்தால்

மொக்லோஸிலிருந்து கிழக்கே சிட்டியாவுக்குச் சென்று, அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் அளவில் உள்ள அயியா ஃபோட்டியாவைப் பாருங்கள். டவாராஸ் 1971இல் அகழத் தொடங்கிய இந்தக் கடலோர ஈமக்காட்டில் 250க்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. அவற்றின் கலங்கள் பெரும்பாலும் சிக்லேட்ஸ் பாணியைச் சேர்ந்தவை. வந்து குடியேறியவர்களா, வணிக உறவால் அவர்கள் வழக்கத்தை ஏற்ற உள்ளூர்க்காரர்களா என்ற விவாதம் தொடர்கிறது. ப்சீராவின் கற்பதுக்கைகளைப் பார்த்த கண்ணுக்கு அந்த விவாதம் சுவையாக இருக்கும். திரும்பும் வழியில் அயியோஸ் நிகோலாவோஸ் அருங்காட்சியகத்தில், 1971இல் டவாராஸ் மொக்லோஸில் கண்டெடுத்த காட்டாட்டு உருவமுடைய தங்கத் தலைப்பட்டத்தைப் பார்க்க முயலுங்கள். புதுப்பிப்புக்காக நீண்ட காலம் மூடிக்கிடந்த அருங்காட்சியகம் என்பதால், திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் அமைச்சகத்தின் இணையதளத்தில் சரிபார்த்த பிறகே செல்லுங்கள்.

வட்டக் கல்லறைகளில் ஆர்வமுள்ளோர் ஹெராக்ளியோனுக்குத் தெற்கே கமிலாரிக்கும், அர்கானெஸ் ஊருக்கு அருகிலுள்ள ஃபூர்னி குன்றுக்கும் ஒரு நாள் ஒதுக்கலாம். ஃபூர்னியில் யானிஸ், எஃபி சகெலாராகிஸ் தம்பதியர் 1960களில் தொடங்கிய அகழாய்வு, வட்டக் கல்லறைகளையும் செவ்வகக் கல்லறைகளையும் ஒரே குன்றின்மேல் வெளிக்கொணர்ந்தது. திறந்திருக்கும் நேரம் குறைவு, முன்கூட்டி விசாரியுங்கள்.

கிரீட்டைத் தாண்டி இன்னொரு தீவுக்கும் செல்ல விரும்புவோர் கித்திரா தீவைத் தேர்ந்தெடுக்கலாம். பெலோபொனீஸின் தென்முனையிலுள்ள நெயாப்போலி துறையிலிருந்து டியாகோஃப்டி துறைக்குக் கப்பல் உண்டு. அவ்லெமோனாஸ் ஊருக்கு அருகே காஸ்ட்ரியில் கிரீட்டிலிருந்து வந்து குடியேறியோரின் ஊர் இருந்தது. 1963 முதல் 1965 வரை கோல்ட்ஸ்ட்ரீம், ஹக்ஸ்லி ஆகியோர் அதை அகழ்ந்தார்கள். அங்குள்ள கல்லறைகள் மென்பாறையில் குடைந்த அறைகளாக இருக்கின்றன, ஒரு நுழைவாயிலிலிருந்து பல அறைகள் பிரிகின்றன. மொக்லோஸில் சுவர் மூலைகளைப் பார்த்துக் காலவரிசையை ஊகித்ததுபோல இங்கே செய்ய முடியாது, ஏனெனில் பாறையில் இணைப்புக்கோடு இல்லை. அறைகளின் தரைமட்டம் எங்கே மாறுகிறது, உளியின் தடங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பதைக் கைவிளக்கின் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து வாயிலிலிருந்தே பாருங்கள். மேற்கூரைப் பாறை நொறுங்கக்கூடியது என்பதால் உள்ளே நுழைய வேண்டாம்.